குருவானவர் வராத கிறிஸ்துமஸ்

ஜொகூர் மாநிலத்தில் உள்ள காஹாங் வட்டாரத்தில் டிசம்பர் என்றால் மழைக்காலம். தென்சீனக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் வடகிழக்குப் பருவக்காற்று மெர்சிங் கரையைத் தொட்டு உள்நாட்டுக்குள் நுழையும். 2006ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜொகூரில் பெய்த பெருமழையும் அதைத் தொடர்ந்து 2007 ஜனவரியில் வந்த இரண்டாம் வெள்ளமும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீட்டைவிட்டு வெளியேற வைத்தன. அப்படிப்பட்ட மாதத்தில்தான் இந்த வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆண்டுதோறும் தங்கள் திருநாளைக் கொண்டாடி வந்திருக்கின்றன.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் உள்ள சிறு பட்டணம் காஹாங். கம்போங் பெத்தா வழியாக எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு இந்த ஊர் தெரிந்திருக்கும். இன்று சுற்றிலும் செம்பனை. அதற்கு முன்பு ரப்பர். ரப்பர் இருந்த இடத்தில் தமிழர் இருந்தார்கள். அவர்களில் ஒரு சிறு பகுதியினர் கிறிஸ்தவர்கள். அந்தக் கிறிஸ்தவர்களிலும் ஒரு பிரிவினர் ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள்.

மலாயாவின் ஆங்கிலிக்கன் வரலாறு என்றதும் பெரிய ஆலயங்களே நினைவுக்கு வருகின்றன. பினாங்கில் 1818இல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம், டச்சுக்காரர்கள் 1753இல் கட்டி முடித்த மலாக்கா கிறிஸ்து ஆலயம், 1862இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம், 1895இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் செயின்ட் மேரீஸ் ஆலயம் என்று அந்த வரிசை நீளும். சிங்கப்பூர் பேராலயத்தை எழுப்பியது இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பு. அதன் சுவர்களுக்குப் பூசப்பட்டது 'மெட்ராஸ் சுண்ணாம்பு'.

காஹாங் போன்ற தோட்டப்புற ஊர்களின் பெயர் அந்த வரிசையில் வருவதில்லை. ஆனால் ஒரு திருச்சபை கட்டடத்தால் மட்டும் நிற்பதில்லை. குருவானவர் வந்து சேர முடியாத ஒரு கிறிஸ்துமஸ் காலையில், விளக்கை ஏற்றி, ஜெபப் புத்தகத்தைத் திறந்து, பத்துப் பேருக்கு முன்னால் நின்று வாசித்தவர் யார் என்று கேட்டால் இன்னொரு வரலாறு கிடைக்கும். இன்றைய தமிழ்ச் சபைகளுக்குப் பாடமாக இருப்பது அந்த வரலாறுதான்.

நெல்லையும் யாழ்ப்பாணமும்

1909ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. ஜொகூர் மாநிலத்தை வடக்கு தெற்காகக் கடக்கும் இரயில் பாதை முடிவுற்றது. அதே ஆண்டில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட தனித் திருமண்டலம் உருவாகி, சார்ல்ஸ் ஃபெர்குசன் டேவி அதன் பேராயரானார். இரயில் வந்ததும் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் மூலம் தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் வந்து இறங்கினார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயாவின் இந்தியர் தொகை ஆறு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வந்தவர்களில் பெரும்பான்மையினர் இந்துக்கள். கிறிஸ்தவர்களிலும் கத்தோலிக்கர் தொகை கணிசமானது. ஆங்கிலிக்கன் தமிழர்கள் முக்கியமாக இரண்டு இடங்களிலிருந்து வந்தார்கள். ஒன்று திருநெல்வேலிச் சீமை. முதலூர், நாசரேத், இடையன்குடி ஆகிய ஊர்கள் எஸ்.பி.ஜி. சங்கத்தின் பணித்தளங்கள். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் ஆகியவை சி.எம்.எஸ். சங்கத்தைச் சேர்ந்தவை. மற்றொன்று யாழ்ப்பாணம். அங்கே நல்லூரிலும் சுண்டிக்குளியிலும் சி.எம்.எஸ். மிஷனரிகள் நடத்திய பள்ளிகளில் ஆங்கிலம் படித்தவர்கள் மலாயாவின் இரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் வேலைக்கு வந்தார்கள்.

எஸ்.பி.ஜி. 1701இல் தோன்றியது. திருச்சபையின் ஒழுங்கும் சடங்கும் அதற்கு முக்கியம். சி.எம்.எஸ். 1799இல் தோன்றியது. தனிமனித மனமாற்றமும் வேத வாசிப்பும் அதன் உயிர்நாடி. திருநெல்வேலியில் இரண்டுக்கும் தனித்தனி ஊர்கள் இருந்தன. மலாயாவுக்கு வந்த பிறகு இரு தரப்பும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியதாயிற்று. மெழுகுவர்த்தி எத்தனை ஏற்றுவது என்று ஒருவரும், பிரசங்கம் எவ்வளவு நேரம் என்று மற்றொருவரும் கவலைப்பட்டாலும், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க இருவருக்கும் இருந்தது ஒரே குருவானவர்தான்.

அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த இன்னொன்றும் உண்டு. வெள்ளைக்காரர் வந்துதான் சபையை நடத்த வேண்டும் என்பதில்லை என்ற எண்ணம் அது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் 1903இல் தங்கள் சொந்தப் பணத்தில், சொந்த ஆட்களைக் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். 1905ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்தின் சேராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் பிறந்தது. இரண்டிலும் முன்னின்றவர் வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் செய்யப்பட்டார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஒரு தமிழர். அந்தச் செய்தி கடல் கடந்து வாழ்ந்த தமிழருக்கும் தெம்பூட்டியது என்றால் மிகையாகாது.

புத்தகம் நடத்திய ஆராதனை

பேராயர் ஃபெர்குசன் டேவியின் துணைவியார் சார்லட் ஒரு மருத்துவர். சிங்கப்பூரில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 1913இல் மருத்துவப் பணியைத் தொடங்கியவர். மலாயாவில் திருச்சபை செய்த பணியைப் பற்றி அவர் 1921இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'ரப்பர் நிலங்களில்' என்று வரும். ரப்பர் எங்கே போகிறதோ அங்கே திருச்சபையும் போயாக வேண்டும் என்ற நிலைமையை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

ஆனால் போவதற்கு ஆள் இல்லை. தமிழ் தெரிந்த குருமார் சிலரே. தோட்டங்களோ நூற்றுக்கணக்கில். சாலையும் நன்றாக இல்லை. ஒரு குருவானவர் எத்தனை தோட்டங்களுக்குத்தான் ஒரே நாளில் போக முடியும்? ஆங்கிலிக்கன் ஒழுங்கின்படி திருவிருந்தை நடத்தக் குருப்பட்டம் பெற்றவர் வேண்டும். அதனால் பல தோட்டங்களில் கிறிஸ்துமஸ் திருவிருந்து டிசம்பர் 25ஆம் தேதி கிடைப்பதில்லை. குருவானவர் எப்போது வருகிறாரோ அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் ஜெபப் புத்தகம் கைகொடுத்தது. காலை ஜெபத்தையும் மாலை ஜெபத்தையும் குருப்பட்டம் பெறாத ஒருவரும் நடத்தலாம். 1662ஆம் ஆண்டின் பொது ஜெபப் புத்தகம் ஒவ்வொரு நாளுக்கும் என்ன சங்கீதம், என்ன வேதபாடம் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. 150 சங்கீதங்களும் காலை மாலை என்று அறுபது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு முப்பது நாளில் வாசித்து முடிக்கப்படும். கிறிஸ்துமஸ் காலைக்கு மட்டும் 19, 45, 85 என்று தனியாக மூன்று சங்கீதங்கள். அந்தப் புத்தகம் தமிழில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் ஆராதனையை நடத்திவிடலாம். பேச்சு வன்மை தேவையில்லை. பிரசங்கம் செய்ய வராதவர் அச்சிட்ட பிரசங்கத்தை வாசித்தால் போதும்.

எழுதி வைத்த ஜெபத்தை வாசிப்பது உயிரற்ற வழிபாடு என்று சுவிசேஷப் பற்று மிகுந்தவர்கள் குறை சொல்வதுண்டு. உள்ளத்திலிருந்து வரும் ஜெபமே ஜெபம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தோட்டத்து நிலைமையை வைத்துப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது. சரளமாகப் பேசத் தெரிந்த ஒருவர் இருந்தால்தான் சபை கூடும் என்றிருந்தால், பல தோட்டங்களில் சபையே கூடியிருக்காது. அச்சிட்ட வரிகள் கூச்சப்பட்ட மனிதனுக்கும் வாய் கொடுத்தன.

அப்படி வாசித்தவர் பெரும்பாலும் உபதேசியார், பாடசாலை ஆசிரியர், தோட்டத்து டிரெஸர் அல்லது கிராணி. 1920களில் மலாயாவின் தொழிலாளர் சட்டங்கள் தோட்டப் பாடசாலைகளைக் கட்டாயமாக்கின. அந்தப் பாடசாலைக் கொட்டகை ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயமாக மாறியது. இதில் ஒரு சங்கடமும் இருந்தது. வாரம் முழுவதும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, செக்ரோலில் முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதிய அதே கிராணிதான் ஞாயிறன்று எல்லாரும் பாவிகள் என்ற அறிக்கையை வாசித்தார். பால்மரம் வெட்டும் தொழிலாளியும் அவரும் அந்த ஒரு மணி நேரம் ஒரே வாக்கியத்தைச் சேர்ந்து சொன்னார்கள். திங்கட்கிழமை விடிந்தால் பழைய மேடு பள்ளம் திரும்பிவிடும். தோட்டத்துச் சபையை அளவுக்கு மீறிப் புகழ்பவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஜெபப் புத்தகம் கிறிஸ்துமஸுக்குக் குறித்திருக்கும் நற்செய்திப் பகுதி மாட்டுத் தொழுவத்தின் கதை அன்று. மேய்ப்பரும் சாஸ்திரிகளும் அதில் இல்லை. யோவான் எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரம் அது. ஆதியில் இருந்த வார்த்தையைப் பற்றியும், இருளால் வெல்ல முடியாத ஒளியைப் பற்றியும் சொல்லும் பகுதி. மண்ணெண்ணெய் விளக்கு மட்டுமே இருந்த லயங்களில், மழைக்கால விடியலில் அதைக் கேட்டவர்களுக்கு விளக்கவுரை அதிகம் தேவைப்பட்டிருக்காது.

அந்தப் புத்தகம் கிறிஸ்துமஸோடு நின்றுவிடுவதும் இல்லை. மறுநாள் 26ஆம் தேதி, தன்மேல் கல்லெறிந்தவர்களுக்காக மன்றாடிக்கொண்டே உயிர்விட்ட ஸ்தேவானின் நாள். 28ஆம் தேதி, ஏரோது மன்னன் கொன்ற பெத்லகேம் குழந்தைகளின் நாள். பாலகன் பிறந்த மகிழ்ச்சியின் மறுநாளே ஒரு கொலையும், மூன்றாம் நாள் பல கொலைகளும் நினைவுகூரப்படுகின்றன. மலாயாத் தமிழருக்கு அந்த வரிசையின் பொருள் 1941க்குப் பிறகு விளங்கியது.

1941 டிசம்பர்

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் இறங்கியது. டிசம்பர் நடுவில் பினாங்கிலிருந்த ஐரோப்பியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். உள்ளூர் மக்கள் அப்படியே விடப்பட்டார்கள். கிறிஸ்துமஸ் நாளன்று ஹாங்காங் சரணடைந்தது. அந்த ஆண்டின் நடுவில்தான் ஜான் லெனார்ட் வில்சன் என்பவர் ஹாங்காங்கிலிருந்து வந்து சிங்கப்பூர்ப் பேராயராகப் பொறுப்பேற்றிருந்தார்.

அந்தக் கிறிஸ்துமஸின்போது காஹாங் பிரிட்டிஷார் கையில்தான் இருந்தது. குளுவாங்கிலும் காஹாங்கிலும் அவர்கள் விமானத் தளங்கள் அமைத்திருந்தார்கள். கிழக்குக் கரை வழியாக எதிரி வந்தால் மெர்சிங் சாலையே முக்கிய வழி என்பதால் ஆஸ்திரேலியப் படை அங்கே காவல் இருந்தது. கோலாலம்பூர் 1942 ஜனவரி 11 அன்று வீழ்ந்தது. ஜனவரி 26, 27ஆம் தேதிகளில் ஜெமாலுவாங் அருகே நித்ஸ்டேல் தோட்டத்தில் ரப்பர் மரங்களுக்கிடையே கடும் சண்டை நடந்தது. மாத இறுதியில் பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கியது. பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்தது.

துரைமார் போய்விட்டார்கள். பல ஐரோப்பியக் குருமாரும் சிறைப்பட்டார்கள். கிறிஸ்தவம் என்றால் வெள்ளைக்காரன் மதம் என்று அதுவரை சொன்னவர்கள், இனி அது இருக்காது என்று எண்ணியிருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. தோட்டத்துச் சபைகளுக்குக் குருவானவர் வராத ஞாயிறு புதிதல்ல. ஆகவே குருவானவரே இல்லாத காலத்தையும் எப்படிக் கடப்பது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது.

சிங்கப்பூரில் எதிர்பாராத ஒரு உதவியும் கிடைத்தது. ஜப்பானிய நிர்வாகத்தில் கல்விக்கும் சமயத்துக்கும் பொறுப்பாக இருந்த ஒகாவா என்ற அதிகாரி தாமும் ஓர் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர். அவருடைய தயவால் பேராயர் வில்சனும் இன்னும் சிலரும் 1943 மார்ச் வரை வெளியில் இருந்து பணியைத் தொடர முடிந்தது. அதன்பின் அவர்களும் சாங்கி சிறைக்குள் போனார்கள். வெளியே திருமண்டலத்தைத் தாங்கியவர்கள் ஆசியக் குருமாரே. அவர்களில் முன்னணியில் நின்றவர் தமிழரான டாக்டர் டி. டி. செல்லையா. நீரிணைக் குடியேற்றங்களின் கல்விக் கொள்கையை ஆராய்ந்து லண்டன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். தாய்மொழிகளை அடித்தளமாகக் கொண்ட கல்வி முறை வேண்டும் என்று அந்த ஆய்வில் வாதிட்டவர். பின்னாளில் அவர் சிங்கப்பூரின் தலைமைக் குருக்களில் ஒருவராக, ஆர்ச்டீக்கன் பதவிக்கு உயர்ந்தார்.

1943 அக்டோபர்

அந்த ஆண்டு அக்டோபர் மாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

முதலாவது, சயாம் பர்மா இரயில் பாதையின் இரு முனைகளும் அக்டோபர் 17 அன்று இணைக்கப்பட்டன. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்காக மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல கூலி என்று ஆசை காட்டப்பட்டது. பிறகு ஆசை காட்டுவதும் நின்று, பிடித்துக்கொண்டு போவது தொடங்கியது. காலராவும் மலேரியாவும் பசியும் அடியும் பல பத்தாயிரம் பேரைக் கொன்றன. லயங்களில் பெண்களும் பிள்ளைகளும் மிஞ்சினார்கள். டிசம்பர் 28ஆம் தேதியின் பாடத்தில் வரும், பிள்ளைகளை இழந்து ஆறுதல் ஏற்க மறுத்து அழும் தாய் அவர்களுக்குத் தெரிந்த பெண்ணாக இருந்தாள். இந்து, கிறிஸ்தவர் என்று அந்தத் துயரம் வேறுபாடு பார்க்கவில்லை.

இரண்டாவது, சிங்கப்பூரில் நடந்த கைதுகள். துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்கள் செப்டம்பர் இறுதியில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. சாங்கியில் அடைபட்டவர்கள்தான் உளவு சொன்னார்கள் என்று சந்தேகித்த கெம்பெய்த்தாய் என்னும் இராணுவ போலீஸ் அக்டோபர் 10 முதல் 57 பேரைப் பிடித்தது. அவர்களில் 15 பேர் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் பேராயர் வில்சனும் ஒருவர். கட்டி வைத்து, பல நாள்கள் மாறி மாறி அடித்தார்கள். 1943ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அவருக்குக் காவல் அறையில்தான் கழிந்தது.

1946இல் பிபிசி வானொலியில் பேசும்போது வில்சன் அந்த அனுபவத்தை விவரித்தார். அடிப்பவர்களின் முகத்தில் கொடூரத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத நிலையில், அவர்களைப் பெரியவர்களாகப் பார்க்காமல், தாய் தகப்பன் அன்பில் அண்ணன் தம்பியோடு விளையாடிய சிறு பிள்ளைகளாக எண்ணிப் பார்க்கத் தமக்கு அருள் கிடைத்தது என்றார். சிறு பிள்ளைகளை வெறுப்பது எளிதல்ல என்பது அவர் கண்ட பொருள். போர் முடிந்தபின், தம்மைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவருக்கு அவரே கைவைத்துத் திடப்படுத்தல் கொடுத்தார்.

அதே கைதுகளின் தொடர்ச்சியாகப் பிடிபட்டு ஏறக்குறைய 200 நாள்கள் காவலில் வதைபட்டவர் எலிசபெத் சோய். சபாவில் பிறந்து சிங்கப்பூரில் ஆசிரியையாக இருந்த ஆங்கிலிக்கன் பெண்மணி. போருக்குப் பின் தம்மை வதைத்தவர்களின் பெயரைச் சொல்லித் தண்டனை வாங்கித்தர அவர் மறுத்துவிட்டார். குற்றம் போருடையது என்பது அவர் கருத்து.

மன்னிப்பு யாருடையது?

கிறிஸ்துமஸ் காலப் பிரசங்கங்களில் வில்சன் கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. சொல்லப்பட வேண்டிய கதைதான். ஆனால் அதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் ஒரு குறை இருக்கிறது. வில்சனிடம் அவரை அடித்தவர் திரும்பி வந்தார். தம் கதையைச் சொல்ல அவருக்கு வானொலி கிடைத்தது. இரயில் பாதைக்குக் கணவனைக் கொடுத்த தோட்டத்துப் பெண்ணிடம் யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. எத்தனை பேர் போனார்கள், எங்கே புதைந்தார்கள் என்ற கணக்கும் அவளுக்குச் சொல்லப்படவில்லை. போர்க்கைதிகளாக இறந்த வெள்ளையர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அங்கே தமிழருக்கென்று ஒரு நடுகல் எழுந்தது அண்மை ஆண்டுகளில்தான்.

மன்னிப்பைப் போதிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டை மறைக்கக் கூடாது. மறந்துவிடுவது வேறு, மன்னிப்பது வேறு. ஸ்தேவானின் நாளைத் திருச்சபை ஆண்டுதோறும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. கல்லெறிந்தவர்களை அவன் மன்னித்தான் என்பதோடு, அவன் எப்படிக் கொல்லப்பட்டான் என்பதையும் வாசிக்கிறது. மன்னிப்பும் சாட்சியும் அங்கே சேர்ந்தே நிற்கின்றன. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களையும் டிசம்பர் இறுதியில் ஒரு முறை ஆலயங்களில் வாசித்தால் அது அந்தப் பழைய ஒழுங்குக்கு முற்றிலும் பொருந்தும்.

பொறுப்பு கைமாறியது

போருக்குப் பிந்திய மாற்றங்கள் விரைவானவை. 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் ஒன்றாயின. திருநெல்வேலியில் இருந்த உறவினர்கள் சி.எஸ்.ஐ. ஆகிவிட்டார்கள். கடல் கடந்து வந்த அண்ணன் தம்பிகள் மலாயாவில் ஆங்கிலிக்கன்களாகவே தொடர்ந்தார்கள். தாய்ச்சபை பெயர் மாறியும் பிள்ளைகள் பழைய பெயரைத் தாங்கிய விநோதம் அது. சாங்கி சிறைக்குள் பல சபைத் தலைவர்கள் சேர்ந்து கண்ட கனவின் பலனாக 1948இல் சிங்கப்பூரில் டிரினிட்டி இறையியல் கல்லூரி தொடங்கியது. உள்ளூரிலேயே குருமாரை உருவாக்க அது வழி செய்தது.

ஜொகூர் சபைகள் 1970 வரை சிங்கப்பூரையே பார்த்திருந்தன. அந்த ஆண்டில் மேற்கு மலேசியத் திருமண்டலம் தனியாகப் பிரிந்து, கோலாலம்பூர் தலைமையிடமானது. 1973இல் அதன் பேராயரானவர் ஜான் குருபாதம் சவரிமுத்து. 1994 வரை இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஒரு தமிழர் மேற்கு மலேசிய ஆங்கிலிக்கன்களை வழிநடத்தினார். 1996இல் தென்கிழக்காசிய மாகாணம் உருவானதும், இந்த வட்டாரச் சபைகள் தங்கள் பேராயரைத் தாங்களே தலைமைப் பேராயராகக் கொள்ளும் நிலை வந்தது. கொட்டகையில் நின்று காலை ஜெபம் வாசித்த உபதேசியார்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில் நடந்த மாற்றம் இது.

தோட்டம் காலியானபோது

ஆனால் தலைமை தமிழர் கைக்கு வந்த அதே காலத்தில் தோட்டம் கையைவிட்டுப் போகத் தொடங்கியது. 1950களின் இறுதியில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் தேவை என்ற விதி வந்ததும் பல்லாயிரம் குடும்பங்கள் இந்தியாவுக்குத் திரும்பின. ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். காஹாங் வட்டாரத்தில் பெல்டா நிலக்குடியேற்றங்கள் எழுந்தன. தோட்டத்துப் பிள்ளைகள் குளுவாங், ஜொகூர் பாரு, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பாலம் கடந்து சிங்கப்பூருக்கும் போனார்கள். லயம் இடிந்தபோது கொட்டகைச் சபையும் கலைந்தது.

வழிபாட்டு முறையும் மாறியது. 1973 முதல் சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் சபைகளில் பரவிய ஆவிக்குரிய எழுப்புதல் இயக்கம் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்கும் வந்தது. எழுதிய ஜெபத்துக்குப் பதில் சொந்த ஜெபம், பாமாலைக்குப் பதில் கைதட்டிப் பாடும் பாடல், கீர்த்தனைக்குப் பக்கத்தில் கிட்டார். அதில் உயிரும் உற்சாகமும் இருந்தன. நகரங்களில் சபைகள் வளர்ந்தன. சுயாதீனத் தமிழ்ச் சபைகளும் பெருகின. ஜெபப் புத்தகம் பல வீடுகளில் அலமாரிக்குப் போயிற்று.

இந்த இடத்தில்தான் இன்றைய கேள்வி எழுகிறது. இன்று காஹாங்குக்குச் சாலை நன்றாக இருக்கிறது. குருவானவர் கார் ஏறினால் குளுவாங்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுவார். குருவானவர் இல்லாத குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தமிழில் வாசிக்கிறவர் இல்லாத குறை தொடங்கியிருக்கிறது. இளையவர்களில் பலர் தமிழ் பேசுகிறார்கள், தமிழ்ப் பாட்டும் பாடுகிறார்கள். ஆனால் அந்தப் பாட்டு ஆலயத் திரையில் ரோமன் எழுத்தில் ஓட வேண்டியிருக்கிறது. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் தமிழ் எழுத்தில் பார்த்து, தடுக்காமல் உரக்க வாசிக்கக்கூடிய இருபது வயது இளைஞரைத் தேட வேண்டிய சபைகள் உண்டு.

இதற்குத் தீர்வு ஆலயத்துக்குள் மட்டும் இல்லை. நாட்டில் உள்ள 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பான்மைப் பிள்ளைகள் இந்துக்கள். ஆயினும் தமிழில் நடக்கும் கிறிஸ்தவ ஆராதனையின் எதிர்காலமும் அந்த வகுப்பறைகளில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டப் பாடசாலைக் கொட்டகை ஞாயிறன்று ஆலயமானது. இப்போது பள்ளி மூடினால் ஆலயத்தின் தமிழும் மூடும். தாய்மொழிக் கல்விக்காக வாதாடிய டாக்டர் செல்லையா ஒரு குருவானவர் என்பதைக் கிறிஸ்தவப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.

பெரிய ஆலயங்களின் கிறிஸ்துமஸ் செய்திகள் ஆண்டுதோறும் வரும். பேராயரின் வாழ்த்து, கீத பவனி, நள்ளிரவு ஆராதனை, திறந்த இல்ல உபசரிப்பு என்று பத்திரிகைகளில் படம் வரும். அவை வரட்டும். அவற்றுக்கு அடியில் இருப்பது, மழை கொட்டிய ஒரு காலையில் குருவானவர் வரமாட்டார் என்று தெரிந்தபின்னும் கொட்டகைக்கு வந்த பத்துப் பேர். அவர்களில் ஒருவர் எழுந்து புத்தகத்தைத் திறந்தார். அவர் பெயர் எந்த ஆலயத்துக் கல்வெட்டிலும் இல்லை. அவர் வாசித்ததால்தான் சபை அடுத்த ஆண்டும் இருந்தது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டிலும் ஒரு காரியம் செய்யலாம். அலமாரியில் இருக்கும் தமிழ் வேதாகமத்தை எடுத்து, அன்றைய பாடத்தை வீட்டின் இளைய பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். தடுமாறினால் பரவாயில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக் கொடுக்கப் பாட்டியோ தாத்தாவோ இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.